கம்பின் மனைவி

என் கணவர் சினிமா ஸ்டூடியோவில் கம்பாக வேலை பார்க்கிறார். கேலிக்குச் சொல்லவில்லை. அங்கே ஆள் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண், பதவி இருக்க வேண்டிய இடத்தில் 'கம்பு', அதற்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக 'ஆள்'.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படத்தில் நாயகனும் நாயகியும் ஒருவரை ஒருவர் பார்த்து உருகுகிறார்கள் அல்லவா? அவன் முகம் ஒரு தடவை, அவள் முகம் ஒரு தடவை, மறுபடி அவன், மறுபடி அவள். இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று நம்பி நாம் கைக்குட்டையை எடுக்கிறோம். எதிரே யாரும் இல்லை. அவள் முகத்தை எடுக்கிற நாளில் அவன் ஊரிலேயே இருக்கமாட்டான். அவன் முகத்தை எடுக்கிற நாளில் அவள் பல் டாக்டரிடம் போயிருப்பாள். கிட்டத்தில் எடுத்தால் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் என்பது ஸ்டூடியோவின் முறை. ஆனால் பார்வை எங்கேயாவது போய் விழ வேண்டுமே. அதனால் லென்ஸுக்கு ஆறு விரற்கடை தள்ளி ஒரு கம்பை நிறுத்தி, அதன் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். அந்தத் துணியைப் பார்த்து உருக வேண்டும்.

மூன்று படம் அப்படி உருகிய நாயகி நாலாவது படத்தில் முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். "துணியைப் பார்த்தா எனக்குத் துவைக்கணும்னுதான் தோணுது" என்றாளாம். இப்படிப்பட்ட நெருக்கடிகளுக்கென்றே ஸ்டூடியோவில் முறைமை இலாகா என்று ஒன்று இருக்கிறது. அது ஒன்பது நாள் கூடிப் பேசி, கம்புக்குப் பதிலாக ஓர் ஆளை நிறுத்தலாம், ஆனால் கம்பின் குணங்களில் எதுவும் குறையக்கூடாது என்று உத்தரவு போட்டது. சிரிக்கக்கூடாது. தலையாட்டக்கூடாது. கண்ணைச் சிமிட்டக்கூடாது. மூச்சு விடுவது தெரியக்கூடாது. இத்தனைக்கும் தோதான முகம் யாருக்கு இருக்கிறது என்று தேடினார்கள். விளக்குத் தூக்கிக்கொண்டிருந்த என் கணவருக்கு இருந்தது. "ஒண்ணுமே இல்லாத முகம்" என்று இலாகாத் தலைவரே பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அப்போது அதில் நிறைய இருந்தது.

அது ஆயிற்று பதினோரு வருஷம். முதலில் சிரிப்பு போயிற்று. பிறகு 'அப்படியா' என்று புருவத்தைத் தூக்குவாரே, அது போயிற்று. கடையில் முதலாளி என்னை எல்லார் முன்னாலும் கத்தினார் என்று நான் சொல்லி அழுதால், இவர் நேராக நின்று கேட்டுக்கொள்வார். இந்த உடுப்பு எனக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், ஆடாமல் அசையாமல் நிற்பார். பொல்லாதவர் இல்லை. சமையல் பாத்திரம் கழுவுவார், என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார், என் செருப்பு அறுந்தால் நான் கேட்காமலே தைத்துக் கொண்டுவருவார். முகம் மட்டும் ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டது. வேலைக் களைப்பு என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டுதான் இருந்தேன், அந்தப் படத்துக்குப் போகிறவரை.

நானும் என் நாத்தனாரும் போயிருந்தோம். கடைசிக் காட்சியில் நாயகி ரயிலடியில் நின்று நாயகனைப் பார்க்கிறாள். பேச்சு கிடையாது. வெறும் பார்வை. ஒரு நிமிஷம் முழுக்கப் பார்க்கிறாள். வயிற்றுக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு போகிற பார்வை. கொட்டகையே விம்மியது. நாத்தனார் என் தோளில் சாய்ந்து மூக்கைச் சிந்தினாள்.

எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. என் தொழில் அப்படி. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவே அளவுகோல் பிடிப்பது என் வேலை. யார் எதைப் பார்க்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் பார்க்கிறார்கள் என்று என்னிடம் யாரும் ஏமாற்ற முடியாது. நாயகன் ஆறடி. அவனைப் பார்க்க வேண்டுமானால் அவள் இன்னும் கொஞ்சம் அண்ணாந்திருக்க வேண்டும். அவள் பார்த்தது ஐந்தரை அடி உயரத்தில். மூன்று கஜ தூரத்தில். கொஞ்சம் வளைந்த மூக்கின் மேல் விழுந்து, அங்கிருந்து இரண்டு கண்ணுக்கும் மாறி மாறிப் போன பார்வை அது. அந்த மூக்கை எனக்குத் தெரியும். காலையில் அதற்கு நான்தான் சளி மருந்து தடவினேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "அந்த ரயிலடி சீன்ல அவ யாரைப் பார்த்தா?"

"நாயகனை" என்றார்.

"அவன் அங்க இருந்தானா?"

"இல்ல. கம்பைப் பார்த்தா."

"கம்பு யாரு?"

"நான்தான். ஆனா நான் இல்ல."

"எத்தனை தடவை பார்த்தா?"

"பதினாலு டேக்."

"பதினாலு தடவை அப்படிப் பார்த்தாளா உங்களை?"

"இல்லம்மா, பதினாலாவதுதான் சரியா வந்துது."

மனுஷன் பொய்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்கிறார். "நாயகனும்தான் என்னைப் பார்த்து உருகறான். அதுக்கு நீ ஒண்ணும் கேக்கலையே" என்று நியாயம் வேறு பேசினார். அவன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறான் என்றேன். பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எங்க, என்னை ஒரு தடவை அப்படிப் பாருங்க."

அவர் முயற்சி செய்தார். அதையும் சொல்ல வேண்டும், நிஜமாகவே முயற்சி செய்தார். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, எனக்கு எதிரே நின்றார். சமையலறைச் சுவரில் பல்லி ஊர்ந்ததைத் தவிர அந்த அறையில் எதுவும் அசையவில்லை.

"எனக்குப் பார்க்கத் தெரியாதும்மா" என்றார் கடைசியில். "பார்க்கறது அவங்க வேலை. பார்க்க விடறதுதான் என் வேலை."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன், என் புருஷன் முகத்தைத் திருப்பிக் கேட்க.

முறைமை இலாகா, ஸ்டூடியோ வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் நாலு எட்டில் இருக்கிறது. போர்டு தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன். காவலர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்னம்மா இது! இடப்பக்கத்துலேர்ந்து உள்ள வந்தவங்க வலப்பக்கமாத்தானே போகணும்? நீங்க பாட்டுக்குத் திரும்பினா, வீட்டுக்குப் போறீங்கன்னு பார்க்கிறவங்க நினைச்சுக்க மாட்டாங்களா?" யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது, ஆனால் முறை அதுதான் என்றார். ஸ்டூடியோ முழுவதையும் வலப்பக்கமாகவே ஒரு சுற்று சுற்றி, அரைமணி கழித்து அந்த நாலு எட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

காத்திருக்கும் அறையில் சுவரை அடைத்து ஒரு நாள்காட்டி. அதன் பக்கத்தில் ஸ்டூலில் ஒருவர். நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் தாள்களைச் சரசரவென்று கிழிக்க ஆரம்பித்தார். மின்விசிறிக் காற்றில் தேதிகள் என் மடியில் வந்து விழுந்தன. பத்து நிமிஷத்தில் தொண்ணூறு தாள் கிழித்திருப்பார். "எதுக்குங்க இது?" என்றேன். "காலம் ஓடறதும்மா" என்று நெற்றி வியர்வையைத் துடைத்தார். உள்ளேயிருந்து குமாஸ்தா வந்து, நான் எழுதிக் கொண்டுபோயிருந்த மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, அது மூன்று மாதம் பழசாகிவிட்டது, இருந்தாலும் பெரிய மனசு பண்ணி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தலைவரைப் பார்க்கலாம் என்றார்கள். எழுந்தேன். "நீங்க இருங்க. அவர் பேசி முடிச்சதும் கூப்பிடறோம்."

"யாரோட பேசறார்?"

"உங்களோடதான்."

கதவு திறந்திருந்தது. உள்ளே தலைவர் தடிமனான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, நான் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு கம்பு. சிவப்புத் துணி கட்டிய பழைய கம்பு. அவர் அதைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படியா!" நிறுத்தினார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. முறைமைங்கறது என்ன? நாம செய்யறது எதுவும் வெளியில தெரியக்கூடாது. விளக்கு எங்கேர்ந்து வருதுன்னு தெரியக்கூடாது. எங்க வெட்டி எங்க ஒட்டினோம்னு தெரியக்கூடாது. நான் இந்த நாற்காலியில முப்பது வருஷமா இருக்கேன். நான் என்ன செய்யறேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதும்மா கலை." நிறுத்தினார். குரல் கம்மியது. "அழாதீங்க." நிறுத்தினார். "வீட்டுக்காரரை நினைச்சுப் பெருமைப்படறேன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அந்த வார்த்தையை இந்த ஸ்டூடியோ மறக்காது." கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு எழுந்தார். கதவுவரை வந்து, நிலையில் ஒரு கையை வைத்து, கம்பைத் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி வெளியே போனார்.

இப்போது என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தலைவரின் நாற்காலியில் அதே கம்பை நிறுத்தினார்கள். அவர் நிறுத்திய இடங்களில் நான் பேச வேண்டும். மூன்றாவது இடத்தில் அழ வேண்டும், நாலாவதில் பெருமைப்பட வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெண்மணி எனக்கும் கம்புக்கும் நடுவே மெல்லிய சல்லாத் துணி ஒன்றைத் தொங்கவிட்டாள். எதற்கு என்றேன். "முப்பது தாண்டின பெண்கள் முகத்துக்கு முன்னாடி ஒரு சல்லா போடறது முறை. நாப்பதுக்கு ரெண்டு" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்து வந்து மாட்டினாள். எனக்கு முப்பத்தெட்டு.

அழச் சொன்ன இடத்துக்கு வருவதற்கு முன்பே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான். அந்தப் பெண்மணி குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது உதவாதும்மா. நிஜக் கண்ணீர் சட்டுனு ஓடிடும், வெளிச்சத்துல மின்னாது." என் கண்ணீரைத் துடைத்துவிட்டு, கிளிசரின் சொட்டு இரண்டைக் கன்னத்தில் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போட்டேன். "எனக்குப் பெருமையும் இல்ல, மண்ணும் இல்ல" என்று அந்தக் கம்பைப் பார்த்துக் கத்தினேன். "பதினோரு வருஷமா ஒருத்தி என் புருஷனைப் பார்த்து உருகறா. அதை ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்குது. எனக்கு ஒரு சிரிப்புக்குக்கூட வழி இல்ல. ஒண்ணு அவரை அந்த இடத்துலேர்ந்து எடுங்க, இல்ல அவர் முகத்தைக் கொடுங்க!"

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "முறைப்படி பார்த்தா உங்க மனுவே செல்லாதும்மா. இதுல கம்புன்னுதான் இருக்கு. கம்புக்கு எப்படிச் சம்சாரம் இருக்கும்?"

"பென்சில்ல ஆள்னு போட்டிருக்கே!"

"அது பென்சில்."

ஆனால் நான் கத்தியது தலைவர் காதில் விழுந்திருக்கிறது. அன்றே உத்தரவு வந்துவிட்டது. அதன் சாரம் இது: கம்பு யார் என்பது முக்கியமல்ல, கம்பின் இடத்தில் யார் நின்றாலும் பார்வை ஒன்றுதான். இதை மனுதாரருக்கு நிரூபித்துக் காட்டும் பொருட்டு, அடுத்த படத்தின் பிரிவுக் காட்சியில் மனுதாரரே கம்பாக நிற்க வேண்டியது. பழைய கம்பு, அதாவது என் கணவர், அன்று விளக்குப் பிரிவுக்குப் போக வேண்டியது. எந்த வித்தியாசமும் இல்லை என்று கண்டால் மனுதாரர் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போக வேண்டியது. நான் அதில் கையெழுத்துப் போட்டபோது குமாஸ்தா விளக்கின் திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முழுக்க இருட்டிய பிறகுதான் எழுந்திருக்க விட்டார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம்.

படப்பிடிப்புக்குப் போனேன். தளத்தில் தரையை இரண்டாகப் பிரித்து வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருந்தது. கேமரா அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இடது வலதாகி, காதலர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உருகுவது போல ஆகிவிடுமாம். அந்தக் கோட்டுக்குக் காவலாக ஓர் அதிகாரி. கழுத்தில் அளவு நாடா. ஒரு தடவை தளத்தில் தீப்பிடித்து எல்லோரும் ஓடியபோதுகூட இவர் கோட்டைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு ஓடியதால் கால்சட்டை கருகியது என்று என்னிடமே பெருமையடித்துக்கொண்டார்.

நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திரையில் பார்த்ததில் பாதிதான் இருந்தாள். மார்புக்கு மேலே நகையும் பட்டும். கீழே பழைய பாவாடை, காலில் பருத்திச் சாக்ஸ். படத்தில் தெரியாத பாதியை யாரும் அலங்கரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். கெட்டவள் மாதிரி இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நீங்கதான் அவரோட வீட்டுக்காரங்களா?"

'அவரோட.' அந்த ஸ்டூடியோவில் வாசல் காவலரிலிருந்து தலைவர்வரை எல்லாரும் கம்பு கம்பு என்றுதான் சொன்னார்கள். இவள் ஒருத்திதான் அவர் என்றாள். சுருக்கென்று குத்தியது.

"ஆமாம்" என்றேன்.

"சளி தேவலாமா அவருக்கு?"

"தேவலை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

என் கணவர் தளத்தின் வலது மூலையில், விளக்குத் தாங்கி ஒன்றின் பக்கத்தில் நின்றார். பதினோரு வருஷம் கழித்துச் சும்மா நிற்கிறவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார் என்று நினைக்கிறேன். கம்புக்குத் தலையாட்டும் பழக்கம் இல்லாததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

என்னை லென்ஸுக்கு ஆறு விரற்கடை வலப்பக்கம் நிறுத்தினார் கோட்டு அதிகாரி. "திரும்பாதீங்க, சிமிட்டாதீங்க, எதுவும் நினைக்காதீங்க" என்றார். மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. நாயகி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்பது போல, இப்போது என்னை விட்டால் அவளுக்கு வேறு எதுவுமே இல்லை என்பது போலப் பார்த்தாள். இதையா இந்த மனுஷர் பதினோரு வருஷமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினார் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பார்வை நழுவியது. கொஞ்சம்தான். என் கன்னத்தைத் தொட்டு, காதைத் தாண்டி, வலப்பக்கம் போயிற்று.

"கட்! பார்வை விலகுது" என்றார் டைரக்டர்.

கோட்டு அதிகாரி ஓடி வந்து அவள் மூக்கிலிருந்து என் மூக்குவரை நாடாவைப் பிடித்தார். "நாலு விரக்கடை தப்பு. வேற ஒண்ணுமில்ல. கம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்க."

தள்ளி நின்றேன். மறுபடி மணி. மறுபடி அந்தப் பார்வை என் மேல் வந்து விழுந்து, மறுபடி நழுவியது. "இன்னும் நாலு விரக்கடை" என்றார். தள்ளி நின்றேன். கம்பு லென்ஸை விட்டு விலகிப் போனால் முறை கெட்டுவிடும் என்று கேமராவையும் எனக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏழு பேர் தள்ளினார்கள். விளக்குகளை மாற்றினார்கள். ஜன்னலை மாற்றி வைத்தார்கள். கேமரா கோட்டை நெருங்கியபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மண்டியிட்டு, சட்டைக் கையாலேயே கோட்டை அழித்துவிட்டு, இரண்டு கஜம் தள்ளிப் புதுக்கோடு போட்டார்.

"பார்வை எங்க போகுதோ, கோடு அங்க போகணும். அதுவும் முறைதான்" என்றார் எழுந்திருக்கும்போது. அதை அப்போதுதான் கண்டுபிடித்தார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பதினொன்றாவது டேக்கில் நான் தளத்தின் வலது மூலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். என்னைச் சுற்றி முப்பது பேர். நாடா பிடித்து அளக்கிற ஆள், வெளிச்சம் அளக்கிற ஆள், எத்தனை அடி ஃபிலிம் ஓடிற்று என்று எழுதுகிற ஆள். அந்தப் பார்வை எதைத் தேடிப் போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படச் சட்டத்துக்குள் இல்லாதது அவர்களுக்குக் கிடையவே கிடையாது. தலைவரும் வந்துவிட்டார். "பார்த்தீங்களாம்மா? ஆள் மாறினாலும் ஒண்ணும் ஆகலை. வெறும் அளவுப் பிழை" என்றார் என்னிடம் மலர்ந்த முகத்தோடு. எனக்கு முதுகுக்குப் பின்னால் விளக்குத் தாங்கியின் சூடு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நாயகியும் என்னையே பார்க்கத்தான் பாடுபட்டாள். ஒவ்வொரு டேக்குக்கும் பிறகு "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள். டைரக்டரிடம் சொல்வதாக எல்லாரும் நினைத்தார்கள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். மன்னிக்கிற மனநிலையில் நான் இல்லை.

"பக்கவாட்டுல இப்ப அளவு சரியா இருக்கு" என்று கோட்டு அதிகாரி நாடாவைச் சுருட்டினார். "உயரம்தான் நாலு விரக்கடை இடிக்குது. கம்பு குட்டை. பரவாயில்ல, தலைக்கு மேல பார்க்கட்டும், எடுத்துடலாம்." அப்படியாக ஸ்டூடியோவின் முப்பது பேரும், ஒரு நாடாவும், ஒரு கோடுமாகச் சேர்ந்து, என்னை என் புருஷனுக்கு நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அவள் பார்வையை என் தலைக்கு மேலே சரியாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாவது டேக். மணி அடித்தது. நாயகி பார்த்தாள். இந்தத் தடவை நழுவ இடமில்லாமல் நேராக என் உச்சந்தலைக்கு மேலே போயிற்று. கிளிசரின் வைக்கவில்லை. அவளுக்குத் தானாகவே வழிந்தது, மின்னாத கண்ணீர். அப்போது என் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மூச்சு. பதினோரு வருஷமாக யாருக்கும் கேட்காமல் விட்டுப் பழகிய மூச்சு, இப்போது எனக்குக் கேட்டது.

கம்பு திரும்பக்கூடாது. நான் திரும்பினேன்.

கோட்டு அதிகாரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் அவரால் கத்த முடியவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதில் எல்லாம் இருந்தது. நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட முகம் அப்படியே இருந்தது, அந்தப் புருவம், அந்த வாயோரம், ஏதோ சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் தவிக்கிற அந்தத் தவிப்பு. எதுவும் எங்கேயும் போகவில்லை. அத்தனையும் பத்திரமாக வைத்திருந்து, இப்போது கம்பில்லை என்று ஆனதும், என் தலைக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்மேல் அந்தக் கணத்தில் கோபம் வந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. பசி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் குதிகாலைத் தூக்கினேன். விளக்குத் தாங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நுனியில் ஏறி, நாலு விரற்கடையும் ஏறினேன். அவள் பார்வை என் பிடரியில் வந்து விழுந்தது. அவருடையது என் முகத்தில் விழுந்தது.

அது உடனே மறைந்துவிடவில்லை. நான் என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணம் அது முழுதாக என் மேல் இருந்தது. வேறொருத்திக்கு வைத்தது என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டேன். பிறகு அது மெல்ல மெல்ல வடிந்து, பழையபடி ஒன்றுமே இல்லாத முகமாகியது. அந்த முகத்துக்கு நேரே, கால் நடுங்க, கட் சொல்லும்வரை குதிகாலைத் தரையில் வைக்காமல் நின்றேன்.